ஏழரை அடிக் கட்டில்

ஜூன் 2, ஞாயிறு

வக்கீல் சார் வருடா வருடம் ஒரு டயரி தருவார். அதில் இதுவரை நான் எழுதியதெல்லாம் வாய்தா தேதிகள்தான். இந்த வருட டயரியின் முதல் பக்கம்கூடக் காலியாகவே கிடந்தது. இன்று உட்கார்ந்து நிரப்பினேன். பெயர்: குணவதி. வயது: ஐம்பத்தாறு. தொழில்: தட்டச்சர். விலாசம் என்று போட்டிருந்த இடத்தில் பழக்கத்தில் வில்லிவாக்கம் அண்ணன் வீட்டு விலாசத்தை எழுதிவிட்டு, அதை அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டேன். முப்பது வருடம் பத்திரம் அடித்த கை அப்படித்தான் செய்யும்.

புது விலாசம் மண்ணடி. ஆபீசிலிருந்து பொடிநடை. சொத்து விவரம் வருமாறு: பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் தெருவைப் பார்த்த அறை ஒன்று. கிழமேல் எட்டேகால் அடி, தென்வடல் பன்னிரண்டு அடி. அதற்குள்ளேயே ஒரு மூலையில் சமையல் மேடை, இன்னொரு மூலையில் குளியலறை. ஒற்றைக் கதவு ஒன்று, அகலம் இரண்டே அடி. ஜன்னல் ஒன்று. பல்லி, எண்ணிய வரையில், ஏழு. வில்லங்கம் ஏதும் இல்லை. நான் போய்ச் சேர்வதுதான் வில்லங்கம் என்று அண்ணி நினைப்பது வேறு விஷயம்.

ஏன் தனியாகப் போகிறாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வில்லிவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோக முடியவில்லை. முழங்கால் வலி. காரணம் அவ்வளவுதான்.

ஜூன் 5, புதன்

பக்கத்து அறையில் ஜன்னத் அக்கா இருக்கிறார். வீட்டுக்காரரின் தமக்கை. என் அறையின் இன்னொரு சாவி அவரிடம்தான் இருக்கும், அது இந்தக் கட்டடத்து வழக்கமாம்.

"தனியாவாம்மா?" என்றார்.

"ஆமாக்கா."

"ஒருத்தருமே இல்லையா?"

"இருக்காங்க. அதான் தனியா வந்தேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் சிரித்துவிட்டு ஒரு கிண்ணம் கஞ்சி கொடுத்தார்.

ஜூன் 9, ஞாயிறு

வைகாசி முடிவதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று அண்ணன் நாள் பார்த்துச் சொல்லியிருந்தார். அண்ணனும் அண்ணியும் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார்கள். புதுப் பாத்திரம், புது அடுப்பு, சாமி படம் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். தீப்பெட்டியை எடுத்தேன்.

"குணா, நீ கொஞ்சம் தள்ளிக்கோ. கல்யாணம் ஆனவ கையால பொங்கினாத்தான் வீட்டுக்கு நல்லது" என்றார் அண்ணி.

தள்ளிக்கொண்டேன். தள்ளிக்கொள்ள அந்த அறையில் இடம் இல்லாததால் குளியலறைக்குள் போய் நின்றேன். அங்கிருந்தே பால் பொங்குவதைப் பார்த்தேன். அண்ணி டம்ளரில் ஊற்றி எனக்கும் ஒன்று கொடுத்தார். விருந்தாளி மாதிரி வாங்கிக் குடித்தேன்.

"எங்க வீட்டு பாத்ரூம் இவ்ளோ இருக்கும், இல்லைங்க?" என்று அண்ணி அண்ணனைக் கேட்டார்.

இருபத்திரண்டு வருடமாக அண்ணி அந்த வீட்டை "நம்ம வீடு" என்றுதான் சொல்லிவந்தார். நம்ம வீட்டுப் பாத்திரம் அப்படியே கிடக்கு குணா, நம்ம வீட்டுத் துணி நனையுது பாரு குணா. நான் வெளியே வந்த ஒரே வாரத்தில் "எங்க வீடு" ஆகிவிட்டது. அண்ணி கவனித்துச் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் ஒரு எழுத்து மாறினாலும் என் கண்ணில் பட்டுவிடும், அதற்குத்தானே சம்பளம் வாங்குகிறேன்.

கிளம்பும்போது அண்ணன் சொன்னார்: "கொஞ்ச நாள் இருந்து பாரு. முடியலன்னா வந்துடு." அண்ணன் நல்லவர்தான். ஒரு நாளும் என்னைக் கடிந்து பேசியதில்லை.

ஜூன் 11, செவ்வாய்

காலண்டர் மாட்ட ஆணி அடித்தேன். ஆணி போகவில்லை, சுவர் வந்தது. உள்ளங்கை அளவுக்குச் சுண்ணாம்பு பெயர்ந்து தலையில் கொட்டியது. சத்தம் கேட்டு ஜன்னத் அக்கா ஓடிவந்தார்.

"நூறு வருஷத்துச் செவருமா இது. ஆணி அடிச்சா கோவிச்சுக்கும். எதையும் சாச்சு வச்சுப் பழகுங்க."

காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டினேன். காற்றடித்தால் ஆகஸ்டு வரை புரள்கிறது.

ஜூன் 14, வெள்ளி

பெயிண்ட் இந்தச் சுவரில் நிற்காதாம். சுண்ணாம்பில் கலர் பவுடர் கலந்துதான் அடிக்க வேண்டும். கடைக்காரர் "என்ன கலர்மா?" என்றார். பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். எனக்கு என்ன நிறம் பிடிக்கும்? அம்மாவுக்கு நீலம் பிடிக்கும், அண்ணிக்கு ரோஸ், வக்கீல் சாருக்கு வெள்ளை. கடைசியில் நீலம் வாங்கிக்கொண்டு வந்தேன். வாளியில் கலக்கிய பிறகுதான் அண்ணன் வீட்டுக் கூடமும் இதே நீலம் என்று உறைத்தது.

வாளியோடு குளியலறையில் கொட்டினேன். திரும்பப் போய், யோசிக்காமல், கண்ணில் பட்ட கிளிப்பச்சையைக் கேட்டேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

ஜூன் 15, சனி

தெற்குச் சுவர் முழுக்கக் கிளிப்பச்சை. ஈரத்தில் கருகருவென்று இருந்தது, பயந்துவிட்டேன். காய்ந்ததும் வெளுத்தது. வலது தோள் கழன்றுவிடும் போல இருக்கிறது. சந்தோஷமாக இருக்கிறது.

ஜூன் 16, ஞாயிறு

இன்று பாயை நான்கு முறை இடம் மாற்றினேன். முதலில் ஜன்னலுக்குக் கீழே, பிறகு சுவரோரம், பிறகு கதவுக்கு எதிரே, மறுபடி ஜன்னலுக்குக் கீழே. டிரங்குப் பெட்டியை மேசையாக்கிப் பார்த்தேன், பிறகு ஸ்டூலாக்கினேன். காலை எட்டரைக்கெல்லாம் சமையல், துணி, பெருக்கல் எல்லாம் முடிந்துவிட்டது. ஒருத்திக்கு எவ்வளவு வேலைதான் இருக்கும்?

உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடுகிறேன். யாரோ "குணா" என்று கூப்பிடப்போகிறார்கள் என்று காது காத்துக்கொண்டே இருக்கிறது. காபி, வெந்நீர், பால்காரன், மாத்திரை. யாரும் கூப்பிடவில்லை. நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

ஜூன் 19, புதன்

ஆபீசிலிருந்து வந்து கதவைத் திறந்தால் என் பச்சைச் சுவரைக் காணோம். அதன்மேல் ஒரு இரும்பு பீரோ நிற்கிறது. அண்ணன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நின்றிருந்த பழைய பீரோ.

ஜன்னத் அக்கா கையைப் பிசைந்தார். "உங்க அண்ணன் அனுப்பினாருன்னு நாலு ஆளு தூக்கிட்டு வந்தாங்கம்மா. அண்ணன்னு சொன்னதால தொறந்து விட்டேன். தப்பா?"

தப்பில்லை என்றேன். கைப்பிடியைத் திருகினேன். பூட்டியிருந்தது. அண்ணிக்குப் போன் செய்தேன்.

"உனக்குத் துணி வைக்க எடம் வேணாமா? அதான் உங்கண்ணன் யோசிச்சு அனுப்பினாரு."

"சாவி?"

"அது இங்கதான் இருக்கு. உள்ள நம்ம சாமான் கொஞ்சம் கெடக்கு குணா. ஒருநாள் வந்து ஒழிச்சுத் தரேன்."

சாமான் மட்டும் மறுபடி "நம்ம" ஆகிவிட்டது. என் புடவைகளைக் கொடியில் போட்டுவிட்டு, பூட்டிய பீரோவைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

ஜூன் 20, வியாழன்

பீரோவின் மேல் கைத்தறித் துண்டு ஒன்றை விரித்து, ஒரு மணி பிளான்ட் பாட்டிலை வைத்தேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். நன்றாக இல்லை.

ஜூன் 22, சனி

அண்ணன் போன். அண்ணிக்குத் திங்கட்கிழமை முழங்கால் ஆபரேஷன். டாக்டர் திடீரென்று தேதி கொடுத்துவிட்டாராம்.

"கொஞ்ச நாள்தான் குணா. நீ இல்லன்னா நான் என்ன பண்ணுவேன், எனக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது."

உண்மைதான். அறுபத்து மூன்று வயதாகிறது, அண்ணனுக்கு எரிவாயு அடுப்பைப் பற்ற வைக்கத் தெரியாது. தெரியவைக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை. சரி என்றேன். ஒரு வாரத்துக்கு நான்கு புடவை போதும்.

ஜூன் 27, வியாழன்

வில்லிவாக்கம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

ஜூலை 1, திங்கள்

காலை நாலரைக்கு எழுந்து சமைத்து, அண்ணியைக் குளிப்பாட்டி, எட்டு மணி பஸ் பிடித்து ஆபீஸ். மாலையும் அப்படியே. வழியெல்லாம் நின்றுகொண்டுதான் வந்தேன். ஆச்சரியம், முழங்கால் வலிக்கவே இல்லை.

ஜூலை 4, வியாழன்

கூடத்தில் படுத்திருக்கிறேன். எதிரே அம்மாவின் அறை பூட்டியிருக்கிறது.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து போன வருடம் கண் மூடியது வரை அவள் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தவள் நான். அவள் போன பிறகும் அங்கேயே படுத்தேன். கட்டிலை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள், பாய் போதும் எனக்கு. வருஷாப்தீகம் முடிந்த மறுநாள் காலையில் ஏசி மாட்ட ஆட்கள் வந்து நின்றார்கள். பெங்களூரிலிருந்து அண்ணனுடைய பேரன் வந்தால் தூங்க வேண்டுமாம். பேரன் வருடத்துக்கு இரண்டு தடவை வருவான், தீபாவளிக்கும் கோடைக்கும்.

"நீ ஹால்ல படுத்துக்கோ குணா, ஃபேன் நல்லா வரும்" என்றார் அண்ணி. அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தேன். அன்று மத்தியானம் ஆபீசில் ஒரு கிரயப் பத்திரத்தில் விற்பவர் பெயரையும் வாங்குபவர் பெயரையும் மாற்றி அடித்துவிட்டேன். வேலையில் சேர்ந்து அதுவரை அப்படி ஒரு பிழை விட்டதில்லை.

இதற்காகவெல்லாம் ஒருத்தி வீட்டை விட்டுப் போவாளா? பஸ்தான் காரணம்.

ஜூலை 7, ஞாயிறு

அண்ணி தூங்கும் நேரத்தில், ஆபீசில் பிழையாக அடித்து ஒதுக்கிய பச்சைப் பத்திரத் தாளின் பின்பக்கத்தில் என் அறையை வரைந்தேன். ஜன்னல் இங்கே, அடுப்பு இங்கே, கதவு இங்கே. எதை எங்கே வைத்தாலும் நடக்க இடம் இல்லை. பிறகு தோன்றியது: தெற்குச் சுவரில் ஒரு கட்டில். கீல் வைத்து மாட்டினால் தேவைப்படும்போது இறக்கிக்கொள்ளலாம், மற்ற நேரம் சுவரோடு மடக்கிவிடலாம். ரயிலில் இருக்கிறதே, அதுபோல. மடக்கினால் அறை முழுதும் காலி. பீரோவை வடக்கே தள்ள வேண்டும்.

எனக்கென்று கட்டில் இருந்ததே இல்லை. சின்ன வயதில் பாய், பிறகு அயனாவரத்தில் தோழியோடு வாடகை அறையில் பாய், பிறகு இங்கே பாய். ஐம்பத்தாறு வயதில் கட்டில் ஆசை. எழுதிப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் மூன்று தாள் வரைந்துவிட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

கட்டடத்துக்குக் கீழே பட்டறை வைத்திருக்கும் ஏகாம்பரம் ஆசாரிக்குப் போன் செய்தேன். டேப் இல்லாததால், பாயை இடம் மாற்றிக்கொண்டிருந்த அன்றே சுவரைக் கையால் அளந்து வைத்திருந்தேன். ஜன்னல் பக்கச் சுவரிலிருந்து, கதவு திறக்கத் தேவையான இடம் விட்டு, கச்சிதமாக ஐந்து முழம்.

"அஞ்சு முழமா? நல்லாப் பாத்துச் சொல்லுமா."

"நல்லாப் பாத்துத்தான் சொல்றேன்."

"ஆணி அந்தச் செவுத்துல நிக்காது. இரும்பு கிளாம்ப் போட்டு தரையிலேர்ந்து கால் குடுத்துடறேன். ஆனா அஞ்சு முழம்?"

"ஆமாங்க, அஞ்சு முழம். ஜன்னத் அக்காகிட்ட சாவி வாங்கிக்குங்க."

உள்ளேயிருந்து அண்ணி குரல் கொடுத்தார். "யாரு போன்ல?"

"ஆசாரி, அண்ணி. கட்டில் செய்யச் சொல்றேன்."

"எதுக்கு? நீதான் இங்க இருக்கியே."

ஜூலை 14, ஞாயிறு

நான்காவது வாரம் தொடங்குகிறது. அண்ணி கோலை ஊன்றிக்கொண்டு கொல்லைப்புறம் வரை நடக்கிறார். டாக்டரே மெச்சிக்கொண்டார். எப்போது கிளம்பலாம் என்று அண்ணனைக் கேட்டேன்.

"என்ன அவசரம்? இன்னும் கொஞ்ச நாள் இரேன்."

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அயனாவரம் அறைக்கு வந்து அண்ணன் இதையேதான் சொன்னார். அம்மாவுக்கு முடியல, கொஞ்ச நாள் வந்து இரு. அப்போதும் நான்கு புடவைதான் எடுத்துக்கொண்டு வந்தேன். அப்புறம் சபாபதி வந்து பெண் கேட்டார். கோர்ட் வாசலில் முத்திரைத்தாள் விற்பவர், நிதானமான மனிதர். அம்மா கொஞ்சம் தேறட்டும், கொஞ்ச நாள் போகட்டும் என்றார் அண்ணன். சபாபதி இரண்டு வருடம் பொறுத்தார். போன மாதம் அவர் மகள் கல்லூரியில் சேர்ந்ததற்கு ஆபீசுக்கு வந்து எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தார். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன். தித்திப்பு கொஞ்சம் அதிகம்.

யாரையும் குறை சொல்லவில்லை. யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. நான்தான் எத்தனை நாள் என்று கேட்கவில்லை.

ஜூலை 17, புதன்

"ஆடி பொறந்துடுச்சு. இனிமே ஆவணியிலதான் நீ கெளம்பறது" என்றார் அண்ணி, மகிழ்ச்சியாக. நான் வைகாசியிலேயே குடிபோய்விட்டவள், ஆடியும் ஆவணியும் எனக்கு எதற்கு? வாய்வரை வந்தது. சமையலறைக்குள் போய்விட்டேன். உப்பு கூடிவிட்டது. சாம்பாரை யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஜூலை 19, வெள்ளி

ஆபீஸ் விட்டு வெளியே வந்தேன். பஸ் நிறுத்தம் வலப்பக்கம். இடப்பக்கம் திரும்பிவிட்டேன். திரும்பியது நான்தான், காலைக் குறை சொல்ல முடியாது. நான்கு புடவையும் வில்லிவாக்கத்தில் கிடக்கிறது.

மண்ணடி முனையிலிருந்து அண்ணனுக்குப் போன் செய்தேன். "அண்ணே, நான் என் வீட்டுக்கு வந்துட்டேன். சாதம் ஹாட்பாக்ஸ்ல இருக்கு, ரசம் மேடை மேல. நாளைக்கு ஆள் பாத்துக்குங்க." அவர் "என்ன வெளையாடற?" என்று கேட்பதற்குள் வைத்துவிட்டேன்.

அறைக்கு வந்தால், பீரோ நட்டநடுவில் நிற்கிறது. தெற்குச் சுவரில் ஒரு பெரிய பலகை மடங்கி நிற்கிறது. கதவைச் சாத்திவிட்டு, கொக்கியை விடுவித்து இறக்கினேன். இறங்கிக்கொண்டே வந்தது. ஜன்னல் சுவரில் தொடங்கிக் கதவுக் கோடி வரை கட்டில். கதவைத் திறந்து பார்த்தேன், கட்டிலில் இடித்து ஒரு ஜாணோடு நின்றுவிட்டது. பூனைதான் போய்வர முடியும்.

ஏகாம்பரம் மேலே வந்தார். கட்டிலை மடக்கிக் கதவைத் திறந்துவிட்டேன்.

"என்னங்க இது, இவ்ளோ நீளம்?"

"நீதானேமா அஞ்சு முழம்னே? முழம் ஒண்ணரை அடி. அஞ்சு முழம் ஏழரை அடி. அதான் அன்னிக்கே ரெண்டு தபா கேட்டேன்."

கையை நீட்டி அவர் டேப்பில் அளந்தேன். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒன்றேகால் அடி. ஐந்து முழத்துக்கு ஒன்றேகால் அடி காணாமல் போய்விட்டது.

"உன் கை கட்டைனு எனக்கு போன்ல எப்படிமா தெரியும்?" என்றார். "யாரோ நெட்டையா ஒருத்தர் வந்து தங்குவாரு போலன்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். ஆடி மாதம், வெள்ளிக்கிழமை, ஏழரை கட்டில் ரூபத்தில் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

"அடுத்த ஞாயித்துக்கெழம வந்து மிச்சத்த அறுத்துத் தரேன்."

சரி என்றேன்.

ஜூலை 20, சனி

கட்டிலில் தூங்கினேன். நான் நான்கடி பத்து அங்குலம். இரண்டரை அடிக்கு மேல் மீதி. காலை ஆறரை வரை தூங்கிவிட்டேன், பயந்து எழுந்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

பீரோ எங்கே வைத்தாலும் இடிக்கிறது. வடக்கே அடுப்பு மேடையை மறைக்கிறது. மேற்கே ஜன்னலை மறைக்கிறது. தெற்கே இனிக் கட்டில். நடுவில் விட்டால் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். ஜன்னத் அக்கா ஒரு வழி சொன்னார்.

"கட்டில அறுத்துட்டா, அந்த மூலையில பீரோவச் சொருகிடலாம்மா. கதவு அதுல இடிக்கும், கொஞ்சம் ஒடுங்கித்தான் வரணும்."

"என்னதுக்கு நான் ஒடுங்கி வரணும்கா?"

"அப்ப டெம்போ சொல்லட்டுமா?" என்றார்.

ஜூலை 23, செவ்வாய்

பீரோ வில்லிவாக்கம் போய்விட்டது. சாவி இருக்கும் இடத்தில் பீரோ இருப்பதுதான் முறை. பச்சைச் சுவரில் அது நின்ற இடம் உராய்ந்து வெள்ளையாகியிருந்தது. வாளியில் கொஞ்சம் கலந்து பூசினேன்.

ஜூலை 24, புதன்

அண்ணி போனில் அழுதார். உனக்கு நாங்க என்ன கொறை வச்சோம் என்றார். குறை ஒன்றும் வைக்கவில்லை. எனக்கென்று எதுவுமே வைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம், போனை வைத்த பிறகுதான் தோன்றியது. சமையலுக்கு ஆள் வைத்திருக்கிறார்களாம், உப்பு போடத் தெரியவில்லையாம். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறார்.

ஜூலை 27, சனி

எதிலும் மனம் நிற்கவில்லை. அண்ணன் வந்து கையைப் பிடித்து "வா" என்றால் போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஒரு வாரமாக அவர் குரல் கேட்டாலே புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறேன், போனில்தான் பேசுகிறார் என்றாலும்.

ஜூலை 28, ஞாயிறு

ஒன்பது மணிக்கே புழுக்கம். காற்றுக்காகக் கதவை அந்த ஒரு ஜாணுக்குத் திறந்துவைத்துவிட்டுக் கட்டிலில் படுத்திருந்தேன். படியில் காலடிச் சத்தம். அண்ணன் நடை எனக்குத் தெரியும், இடது காலைக் கொஞ்சம் இழுப்பார். கதவைத் தட்டவில்லை, எப்போதும் தட்டியதில்லை, தள்ளினார். டங் என்று கட்டிலில் இடித்து நின்றது. மறுபடி தள்ளினார். மறுபடி டங்.

"என்ன குணா, கதவு தெறக்க மாட்டேங்குது?"

"கட்டில் இடிக்குதுண்ணே."

"எந்திரிச்சு மடக்கு."

எழுந்திருக்கத்தான் போனேன். பாதி எழுந்து, கையை ஊன்றி, அப்படியே நின்றேன். பிறகு மறுபடி படுத்துவிட்டேன். ஏன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

இடுக்கில் அண்ணனின் ஒரு கண்ணும் பாதி மீசையும் தெரிந்தன. இரண்டு மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மீசை நன்றாகவே நரைத்துவிட்டது. கூடத்தில் தினமும் பார்த்தபோது எனக்கு அது தெரிந்ததில்லை.

"பீரோவத் திருப்பி அனுப்பிட்டியே, எதுக்கு?"

"எடம் இல்லண்ணே."

"இந்தக் கட்டில அறுத்தா எடம் வரும். உன் ஒடம்புக்கு எதுக்கு இவ்ளோ பெரிய கட்டிலு?"

"பெரிசாவே இருக்கட்டும்."

கீழே மீன்காரி கூவிக்கொண்டு போனாள்.

"உங்கண்ணியால முடியல குணா. நடக்கறா, ஆனா நின்னு வேலை செய்ய முடியல. சமைக்க வந்தவ நாலே நாள்ல நின்னுட்டா. நீ வா. அந்த ஏசி ரூமையே உனக்குத் தரச் சொல்றேன். கொஞ்ச நாள்தான், அப்புறம் உன் இஷ்டம்."

ஏசி அறை. இரண்டு மாதத்துக்கு முன்னால் அதைச் சொல்லியிருந்தால் நான் அங்கேயே செத்துப்போகும் வரை இருந்திருப்பேன். படுத்தபடியே கேட்டேன்:

"எத்தன நாளுண்ணே?"

"என்ன?"

"கொஞ்ச நாள்னா எத்தன நாள்? நான் எத்தனையோ பத்திரம் அடிச்சிருக்கேன், கெடு போடாத குத்தகைய பாத்ததில்ல. பத்து நாளா, ஒரு மாசமா? ஒரு தேதி சொல்லுங்க. அன்னிக்கு வரைக்கும் வந்து செஞ்சுட்டுத் திரும்பி வந்துடறேன்."

அண்ணன் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதை நான் பார்த்தேன். இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கணக்கை அவர் ஒருமுறையும் போட்டுப் பார்த்ததில்லை என்பது அந்த ஒரு கண்ணிலேயே தெரிந்தது. அவர் கெட்டவர் இல்லை. அவரிடம் தேதி இல்லை, அவ்வளவுதான்.

"அப்ப நான் வரலண்ணே" என்றேன். "நல்ல ஆளா பாத்துத் தரேன். ஞாயித்துக்கெழமைல அண்ணியப் பாக்க வரேன். தங்க மாட்டேன்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். படியில் காலடிச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். சத்தம் வரவில்லை. கதவு மெதுவாகப் பின்னால் இழுக்கப்பட்டது. மரத்தில் விரல்முட்டியால் இரண்டு தட்டு கேட்டது.

"குணா," என்றார் அண்ணன் வெளியிலிருந்து. "உள்ள வரலாமா?"

என்னை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. உள்ளே வரலாமா என்று கேட்க எனக்கு ஒரு உள்ளே இருந்ததில்லை. கட்டிலை மடக்கக் கால் நிமிடம்கூட ஆகாது. அவருக்குக் காபி போட வேண்டும், மூச்சு வாங்குகிறது, தண்ணீர் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் தெரிந்தது. எழுந்தேன், புடவையைச் சரிசெய்தேன், கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"இருங்கண்ணே" என்றேன்.

இருந்தார்.